ஒரு லட்சம் டாலர் அறையில் யார் காசு கொடுத்துத் தங்குகிறார்கள்?

லாஸ் வேகாஸில் பாம்ஸ் கேசினோ ரிசார்ட் என்று ஒரு ஹோட்டல் இருக்கிறது. 2019-ல் அங்கே ஒரு சூட் அறையைத் திறந்தார்கள். பெயர் எம்பதி சூட். இரவு வாடகை ஒரு லட்சம் டாலர். ஒரு இரவு மட்டும் வேண்டும் என்றால் கிடையாது, குறைந்தது இரண்டு இரவு எடுக்க வேண்டும். ஆக, சாவியைக் கையில் வாங்கவே இரண்டு லட்சம் டாலர். உலகிலேயே விலை அதிகமான ஹோட்டல் அறை என்று செய்தி எல்லா நாட்டுக்கும் போனது.

அதே செய்தியில் இன்னொரு வரியும் இருந்தது. கேசினோவில் 10 லட்சம் டாலரோ அதற்கு மேலோ கடன் வரம்பு உள்ள ஆட்டக்காரர்களுக்கு இந்த அறை இலவசம்.

ஹோட்டல் அறைகளுக்கு விலை வைப்பதுதான் பல வருடமாக என் வேலை. அதனால் அந்த அறையில் வைத்திருக்கும் சுறா, தொங்கும் நீச்சல் குளம் எல்லாவற்றையும் தாண்டி இந்த இரண்டாவது வரியில்தான் என் கண் நின்றது. யாருக்காகக் கட்டினார்களோ அவர்களுக்கு விலையே இல்லாத அறைக்கு, உலகிலேயே அதிக விலையை எதற்காகப் போட வேண்டும்? இந்தக் கேள்வியோடு எம்பதி சூட்டை எடுத்துப் பார்க்கலாம். இது போன்ற வேறு சில அறைகளையும் நடுவில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஹோட்டல்

வேகாஸின் பெரிய கேசினோக்கள் பெரும்பாலும் ஸ்ட்ரிப் என்ற ஒரே சாலையில் வரிசையாக நிற்கின்றன. பாம்ஸ் அதில் இல்லை. நெடுஞ்சாலையைத் தாண்டி மேற்கே, ஃபிளமிங்கோ சாலையில் இருக்கிறது. ஸ்ட்ரிப்பில் நடக்கிறவர் ஒரு கேசினோவிலிருந்து அடுத்ததற்குள் தானாகவே போய்விடுவார். பாம்ஸுக்கு யாரும் தற்செயலாக வர முடியாது. காரில் ஏறி, அங்கேதான் போக வேண்டும் என்று முடிவு செய்து வர வேண்டும். இந்த ஹோட்டலின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு விஷயத்தை வைத்தே படிக்கலாம்.

2001-ல் இதைத் திறந்தவர் ஜார்ஜ் மலூஃப். ஆட்களை வரவழைக்க அவர் பிடித்த வழி, பேச வைப்பது. தொலைக்காட்சி ரியாலிட்டி நிகழ்ச்சி ஒன்று ஹோட்டலுக்குள்ளேயே எடுக்கப்பட்டது. அப்புறம் ஃபேன்டசி டவர் என்று ஒரு புதுக் கோபுரம் வந்தது. அதில் ஒரு சூட்டுக்குள் கூடைப்பந்து மைதானம், இன்னொன்றில் பௌலிங் தடங்கள். பிளேபாய் பத்திரிகையை நிறுவிய ஹியூ ஹெஃப்னர் பெயரில் ஒரு வில்லா, அதில் கட்டடத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குளம், சுழலும் கட்டில், இரவு வாடகை 40,000 டாலர். வினோதமான அறை கட்டிப் பெயர் வாங்குவது அந்த ஹோட்டலுக்குப் பழைய வழக்கம்தான்.

2016-ல் ரெட் ராக் ரிசார்ட்ஸ் நிறுவனம் பாம்ஸை 31.25 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த நிறுவனத்தின் பின்னால் இருந்தவர்கள் ஃபிராங்க் ஃபெர்டிட்டா, லொரென்சோ ஃபெர்டிட்டா என்ற சகோதரர்கள். யுஎஃப்சி சண்டைப் போட்டி நிறுவனத்தை அதே வருடம் சுமார் 400 கோடி டாலருக்கு விற்றவர்கள் இவர்கள்தான். இருவரும் நவீன ஓவியம், சிற்பம் சேகரிக்கிறவர்கள். ஹோட்டலைப் புதுப்பிக்க 69 கோடி டாலர் செலவழித்தார்கள். வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! அந்தப் பணத்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்டின் படைப்புகளுக்கும், அவர் வடிவமைத்த எம்பதி சூட்டுக்கும் போனது.

உள்ளே என்ன இருக்கிறது

9,000 சதுர அடி, இரண்டு தளம். இரண்டு பெரிய படுக்கையறைகள், மசாஜ் அறைகள், உப்புச் சுவர் கொண்ட ஓய்வறை, நகரத்தைப் பார்த்தபடி வெளியே நீண்டிருக்கும் குளம். இதெல்லாம் அந்த விலையில் எதிர்பார்க்கக் கூடியதுதான், வேகமாகத் தாண்டிவிடலாம்.

நின்று பார்க்க வேண்டியவை ஹர்ஸ்ட் அந்த அறைக்காகவே செய்த ஆறு படைப்புகள். கண்ணாடித் தொட்டியில், ஃபார்மலின் திரவத்துக்குள் இரண்டு சுறாக்கள் மிதக்கின்றன. படைப்பின் பெயர் 'வென்றவர் / தோற்றவர்'. சூதாடப் போகிறவர் காலையில் காபிக் கோப்பையோடு எழுந்து வந்தால், இந்த இரண்டும்தான் எதிரே. வளைந்த பார் ஒன்றில் 13 பேர் உட்காரலாம். அந்த பாரின் கண்ணாடிக்குள்ளே மருத்துவக் கழிவுப் பொருட்களை நிரப்பியிருக்கிறார், மேலே ஒரு மார்லின் மீனும் அதன் எலும்புக்கூடும். அலமாரிகளில் மாத்திரைகள் வரிசை வரிசையாக. துணியிலும் சுவரிலும் பட்டாம்பூச்சிகள்.

ஹர்ஸ்டுக்கு சுறா புதிதல்ல. அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததே 1991-ல் தொட்டிக்குள் வைத்த ஒரு புலிச்சுறாதான். அது நாளடைவில் அழுகத் தொடங்கியது. தோல் சுருங்கியது, திரவம் கலங்கியது. 2006-ல் வேறொரு சுறாவைப் போட்டு மாற்றினார்கள். ஓர் ஹோட்டல் அறைக்குள் இப்படி ஒன்றை வைப்பதென்றால் தரைவிரிப்பு மாற்றுவது மாதிரியான பராமரிப்பு போதாது. விருந்தாளி இல்லாத நாட்களிலும் அந்த அறைக்குக் கவனிப்பு வேண்டும். பூட்டி வைத்தாலும் செலவு நிற்காத அறை அது.

சாதாரண அறை ஒன்று இன்று இரவு விற்காமல் போனால் எங்கள் தொழிலில் அது போன காசு, திரும்ப வராது. அதனால்தான் மாலை ஆக ஆக விலையை இறக்குகிறோம். எம்பதி சூட்டில் அப்படி இறக்க முடியாது. ஒரு தடவை 30,000 டாலருக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் அது ஒரு லட்சம் டாலர் அறை இல்லை. காலியாகக் கிடந்தாலும் போட்ட விலையில் நின்றாக வேண்டும்.

காம்ப் என்கிற கணக்கு

சரி, இப்போது இலவசத்துக்கு வருவோம். கேசினோக்களில் ஆட்டக்காரருக்கு இனாமாகத் தரும் அறை, சாப்பாடு, விமானச் சீட்டு எல்லாவற்றுக்கும் காம்ப் என்று பெயர். இதைத் தருகிறவர் ஹோஸ்ட். பெரிய பந்தயக்காரர்களைத் திமிங்கிலங்கள் என்பார்கள். எவ்வளவு காம்ப் தரலாம் என்பது ஹோஸ்டின் தாராள மனதைப் பொறுத்ததல்ல. அதற்கு தியோ என்று ஒரு கணக்கு இருக்கிறது. சராசரிப் பந்தயம், மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், அந்த ஆட்டத்தில் வீட்டுக்கு (கேசினோவை 'வீடு' என்றுதான் சொல்வார்கள்) இருக்கும் சாதக விகிதம், இவற்றைப் பெருக்கினால் வருவது. நீண்ட ஓட்டத்தில் அந்த ஆட்டக்காரரிடமிருந்து கேசினோ எதிர்பார்க்கும் தொகை அதுதான்.

திமிங்கிலங்கள் அதிகம் ஆடுவது பக்காரா என்ற சீட்டாட்டம். அதில் பேங்கர் பக்கம் பந்தயம் கட்டினால் கேசினோவுக்கு 1.06 சதவீதம் சாதகம், பிளேயர் பக்கம் 1.24 சதவீதம். நடுவாக 1.15 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சராசரியாக 25,000 டாலர் கட்டுகிறார், மணிக்கு 70 ஆட்டம், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், இரண்டு நாள். இது என் கற்பனை ஆட்டக்காரர், எண்களை ஒரு எடுத்துக்காட்டுக்காகத்தான் எடுத்தேன். மொத்தம் 700 ஆட்டம், பந்தயத்தில் புரண்டது 1.75 கோடி டாலர். அதில் 1.15 சதவீதம் என்றால் 2,01,250 டாலர்.

சூட்டின் இரண்டு இரவு வாடகையும் கிட்டத்தட்ட இதே தொகைதான்.

ஆனால் கேசினோ தன் எதிர்பார்ப்பை முழுசாகத் திருப்பிக் கொடுக்காது, ஒரு பங்கைத்தான் கொடுக்கும். 40 சதவீதம் என்று தாராளமாகவே வைத்தாலும் 80,000 டாலர். அந்த 80,000-க்குள் அறை, விமானம், சாப்பாடு, தோற்ற தொகையில் தரும் தள்ளுபடி எல்லாம் அடங்க வேண்டும். அறைக்கு உண்மையில் ஆகிற செலவு பட்லர் சம்பளம், சலவை, மின்சாரம், சமையல், சுத்தம் செய்கிறவர்களின் உழைப்பு. அதெல்லாம் இரண்டு லட்சத்தின் பக்கத்தில்கூட வராது. ஆனால் கையில் வாங்குகிறவருக்கு அது இரண்டு லட்சம் டாலர் பரிசு. பலகையில் போட்ட ஒரு லட்சம் டாலர் விலை, அதாவது எங்கள் மொழியில் ரேக் ரேட், செய்கிற முதல் வேலை இதுதான். சில ஆயிரம் டாலர் செலவில் தரும் இனாமை அது இரண்டு லட்சமாகக் காட்டுகிறது. யாராவது உண்மையிலேயே அந்த விலையைக் கொடுத்துத் தங்கினால் நல்லது. தங்காவிட்டாலும் விலை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

கடன் வரம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 10 லட்சம் டாலர் வரம்பு என்றால் அந்த ஆள் அவ்வளவையும் தோற்பார் என்று அர்த்தமில்லை. கேசினோ அவருடைய வங்கிக் கணக்கை விசாரித்துவிட்டு, பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் சிப்ஸ் வில்லைகளைக் கடனாகத் தருகிறது. அவர் மார்க்கர் என்ற சீட்டில் கையெழுத்துப் போடுகிறார். நெவாடா சட்டத்தில் மார்க்கர் என்பது காசோலைக்குச் சமம். பணம் இல்லாமல் திரும்பினால் குற்ற வழக்கே போடலாம். இலவச அறைக்கான நுழைவுச் சீட்டு என்பது இப்படி முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட பணம். பட்டாம்பூச்சிச் சுவருக்குள் வருகிறவர் யார், அவரால் எவ்வளவு தாங்க முடியும் என்பது வீட்டுக்கு முதலிலேயே தெரியும்.

இந்தக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் ஆய்வு முழுமையாகாது. நம் கற்பனை ஆட்டக்காரரின் 700 ஆட்டத்தில் கேசினோவின் எதிர்பார்ப்பு இரண்டு லட்சம் டாலர் லாபம். ஆனால் அந்த 700 ஆட்டத்தின் இயல்பான ஏற்ற இறக்கம் சுமார் ஆறு லட்சம் டாலர். அதாவது இரண்டு நாள் கழித்து அவர் எட்டு லட்சம் தோற்றுவிட்டும் போகலாம், நான்கு லட்சம் ஜெயித்துவிட்டும் போகலாம். போட்டுப் பார்த்தால், இப்படி வருகிற ஆட்டக்காரர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல், ஜெயித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். இலவச அறையில் தங்கி, இலவசமாகச் சாப்பிட்டு, பணத்தோடும் போவார்கள்.

அதனால் ஒரு திமிங்கிலம் வருவதால் வீட்டுக்குப் பயனில்லை. நூறு வர வேண்டும், திரும்பத் திரும்ப வர வேண்டும். அப்போதுதான் அந்த 1.15 சதவீதம் நிலைக்கு வரும். எம்பதி சூட் பிழைப்பதற்கு அழகைவிட அதிகம் தேவைப்பட்டது தெரிந்த ஆட்டக்காரர்களின் நீளமான பட்டியல்.

பாம்ஸுக்கு என்ன ஆனது

அந்தப் பட்டியல் பாம்ஸிடம் போதுமான அளவு இல்லை என்பது என் முடிவு. அந்த வீட்டின் பழக்கம் இளைஞர் கூட்டம், இரவு விடுதி, பேச்சு. 2019 ஏப்ரலில் கேயாஸ் என்ற பிரம்மாண்டமான இரவு விடுதியைத் திறந்தார்கள். அதன் குளத்தங்கரையில் ஹர்ஸ்டின் 60 அடி வெண்கலப் பூதம் ஒன்று நின்றது. பெரிய இசைக்கலைஞர்களோடு ஒப்பந்தங்கள். கூட்டம் வந்தது. ஆனால் நடனமாட வந்தவர்கள் பக்காரா மேஜையில் வந்து உட்காரவில்லை. நவம்பரில் மூடிவிட்டார்கள். ஏழு மாதம்தான்.

2020 மார்ச்சில் பெருந்தொற்று காரணமாக நெவாடாவின் எல்லா கேசினோக்களும் மூடப்பட்டன. ஜூனில் மற்றவை திறக்கத் தொடங்கியபோது ரெட் ராக் நிறுவனம் பாம்ஸைத் திறக்கவில்லை. 2021 மே மாதம் 65 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. வாங்கியதும் புதுப்பித்ததும் சேர்த்து 100 கோடிக்குக் கொஞ்சம் மேல். கைவிட்டுப் போனது சுமார் 35 கோடி.

இந்த நஷ்டத்தைப் பார்த்து, சுறாவுக்குச் செலவழித்தவர்கள் இப்படித்தான் ஆவார்கள் என்று பேசியவர்கள் உண்டு. நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கேயாஸில் ஒவ்வொரு வாரமும் கலைஞர்களுக்குப் புதிதாகப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்த பணம் அந்த இரவோடு போனது. சூட் அப்படியல்ல. ஒருமுறை கட்டியது நின்றது. ஒரே வருடத்தில் திறந்த இரண்டில், உரிமையாளர் மாறிய பிறகும் விற்பனைப் பட்டியலில் மிஞ்சியது அதுதான்.

மற்ற அறைகள் வேறு கணக்கில் ஓடுகின்றன

எல்லா விலை உயர்ந்த அறையும் இலவசமாகத் தருவதற்காகக் கட்டியதல்ல. ஜெனீவாவில் ஹோட்டல் பிரெசிடென்ட் வில்சன் இருக்கிறது. அதன் எட்டாவது மாடியில் உள்ள ராயல் பென்ட்ஹவுஸ் சூட் பல வருடம் உலகப் பட்டியல்களில் முதலிடத்தில் இருந்தது. இரவுக்கு சுமார் 80,000 டாலர். கேட்டதும் தலை சுற்றும். ஆனால் அதில் 12 படுக்கையறைகள், 12 குளியலறைகள், 1,680 சதுர மீட்டர், குண்டு துளைக்காத ஜன்னல் கண்ணாடிகள், தனி லிஃப்ட். ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியத் தலைமையகம் அருகிலேயே இருக்கிறது. ஒரு நாட்டுத் தலைவர் பாதுகாப்பு ஆட்களோடும் செயலாளர்களோடும் வந்தால் அவருக்குத் தேவைப்படுவது ஒரு மாடி முழுவதும். 80,000-ஐ 12-ஆல் வகுத்தால் அறைக்கு ஏறத்தாழ 6,700 டாலர். இது வெறும் ஆடம்பரமல்ல, குழுவுக்கான விலை. பாதுகாப்பை ஒரே கதவில் வைக்க முடிகிறது என்பதற்கான விலையும்தான். அங்கே காசு கொடுத்துத் தங்க ஆள் இருக்கிறார்கள், ஏனென்றால் பல சமயம் அந்தக் காசு தங்குகிறவருடைய சொந்தப் பையிலிருந்து வருவதில்லை.

நியூயார்க்கின் ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலில் உள்ள டை வார்னர் பென்ட்ஹவுஸ் இதற்கு நேர் எதிர். 52-வது மாடியில் 4,300 சதுர அடி, படுக்கையறை ஒன்றே ஒன்று. நான்கு திசையிலும் கண்ணாடி பால்கனி. கட்டடத்தை முதலில் வடிவமைத்த ஐ. எம். பேயும், உள்ளலங்காரக் கலைஞர் பீட்டர் மரினோவும் சேர்ந்து ஏழு வருடம் உழைத்த இடம் அது. செலவு 5 கோடி டாலர். 2007-ல் திறந்தது. பிற்பாடு இரவு வாடகை 50,000 டாலர் வரை போனது. அந்த விலையில் கட்டிய செலவை மட்டும் எடுக்கவே 1,000 இரவு முழு விலைக்குப் போக வேண்டும். ஹோட்டலின் உரிமையாளர் வார்னரே என்பதால், இதை முதலீட்டுக் கணக்கை விட ஓர் ஆசையின் கணக்காகத்தான் நான் பார்க்கிறேன். ஆசையில் தவறில்லை. அந்த அறையின் வேலைப்பாட்டைப் பார்த்தவர் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்.

ஆனால் அந்த ஹோட்டலில் உரிமையாளர் ஒருவர், நடத்துகிறவர் இன்னொருவர். 2020-ல் பெருந்தொற்று தொடங்கியபோது டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இலவசமாக இடம் தந்த ஹோட்டல் அது, அதற்காக அதை மதிக்கிறேன். அப்புறம் மூடியது. இருவருக்கும் கட்டண விஷயத்தில் தகராறு வந்தது, வேலை போன பணியாளர்கள் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள். மறுபடி திறந்தது 2024 நவம்பரில்தான். செலவை எடுக்க 1,000 இரவு தேவைப்பட்ட அறை, ஏறத்தாழ 1,700 இரவு இருட்டில் கிடந்தது. விலைப் பட்டியலில் எண்ணை எழுதுகிறவர்கள் இந்த எண்ணையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

மாலத்தீவில், கான்ராட் ரங்காலித் தீவில் இருக்கும் முராக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. திவெஹி மொழியில் முராக்கா என்றால் பவளம். 2018-ல் திறந்தது, கட்டுமானச் செலவு 1.5 கோடி டாலர். அதே ரிசார்ட்டில் 2005-லேயே கடலுக்கடியில் இதா என்ற உணவகத்தைக் கட்டியிருந்தார்கள், அந்த அனுபவம் இதில் இருக்கிறது. மேல் தளம் தண்ணீருக்கு மேலே, படுக்கையறை ஐந்து மீட்டர் ஆழத்தில். தலைக்கு மேல் வளைந்த அக்ரிலிக் கூரை. இருட்டிய பிறகு கட்டிலில் படுத்தால் மீன்களின் அடிவயிறு தெரியும். ஆரம்ப விலை இரவுக்கு 50,000 டாலர் என்பதால், கட்டிய செலவுக்கு 300 இரவு போதும். நியூயார்க்கோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனால் கடல் சும்மா விடாது. மூழ்கியிருக்கும் எந்தப் பரப்பிலும் பாசி பிடிக்கும், உப்பு உலோகத்தைத் தின்னும், முக்குளிப்பவர்கள் இறங்கித் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனையிலும் எனக்கு மிகவும் பிடித்த அறை இதுதான். வேறு எங்கும் கிடைக்காத ஒன்றை இது தருகிறது, அதற்காக அலங்காரம் எதுவும் தேவைப்படவில்லை.

மறுபடி வேகாஸ்

பாம்ஸை வாங்கியது சான் மனுவேல் பழங்குடிச் சமூகம், கலிஃபோர்னியாவின் ஹைலேண்டில் யாமவா என்ற பெரிய கேசினோவை நடத்துகிறவர்கள். 2022 ஏப்ரல் 27 அன்று பாம்ஸை மறுபடி திறந்தார்கள். லாஸ் வேகாஸில் ஒரு கேசினோ ரிசார்ட்டை முழுசாகச் சொந்தமாக்கி நடத்தும் முதல் பழங்குடிச் சமூகம் இவர்கள். அறைப் பட்டியலில் எம்பதி சூட் இருந்தது, சுறாக்களும் இருந்தன.

இவர்கள் கொண்டு வந்த பெரிய மாற்றம் சுவரில் தெரியாது. யாமவாவில் ஆடுகிறவர்கள் பயன்படுத்தும், அவர்கள் ஆட்டத்தைப் பதிவு செய்யும் கிளப் செரானோ உறுப்பினர் அட்டை பாம்ஸிலும் செல்லும். முந்தைய உரிமையாளர்கள் இரவு விடுதி வைத்துத் தேடிய ஆட்டக்காரர்களின் பட்டியல், இவர்களிடம் பல வருடமாகத் தயாராக இருந்தது. ஹைலேண்டிலிருந்து வேகாஸுக்கு மூன்று, நான்கு மணி நேரக் கார் ஓட்டம். அங்கே அடிக்கடி ஆடும் ஒருவர் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே, அவருடைய சராசரிப் பந்தயம் என்ன, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மேஜையில் உட்காருவார் என்பதெல்லாம் பாம்ஸ் ஹோஸ்டின் கணினியில் இருக்கிறது. அவருக்கு எந்த அறை, இலவசமா இல்லையா என்பதை அந்த ஹோஸ்ட் அப்போதே போட்டுப் பார்த்துவிடலாம்.